கொல்லையிலிருந்து வீட்டுக்குள்: நியூயார்க் கழிவறைச் சட்டங்களின் கதை

ஒரு கட்டடத்தில் எத்தனை கழிவறை இருக்க வேண்டும் என்று சட்டம் போடுவது சுலபம். அது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வதுதான் கஷ்டம். எண்ணிக்கையை மட்டும் சொன்னால் வீட்டுக்காரர் கொல்லையில் ஒரு மூலையில் வரிசையாகக் கட்டிவிட்டுக் கணக்கை முடித்துவிடலாம். இடத்தையும் சொன்னால் கட்டடத்துக்குள்ளேயே சுவரை உடைக்க வேண்டும், அறையைக் குறைக்க வேண்டும், குழாய் இழுக்க வேண்டும். செலவு அதிகம். அதனால் சண்டையும் அதிகம்.

இந்தச் சண்டை மிகத் தெளிவாக நடந்த ஊர் நியூயார்க். அங்கே 1867ல் எண்ணிக்கைக்குச் சட்டம் வந்தது. இடத்துக்குச் சட்டம் வர 1901 ஆகிவிட்டது. அந்தச் சட்டம் செல்லும் என்று உறுதியாக 1906 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 40 வருடங்கள்! இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் வீட்டுக்காரர்கள் ஓர் அர்த்தம் சொன்னார்கள், அதிகாரிகள் ஓர் அர்த்தம் சொன்னார்கள். குடியிருந்தவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கினார்கள்.

ஒண்டுக்குடித்தன நகரம்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் இலட்சக்கணக்கில் மக்கள் நியூயார்க்குக்கு வந்து இறங்கினார்கள். பிறகு இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் வந்தார்கள். இவர்களுக்காகக் கட்டப்பட்டவைதான் 'டெனிமெண்ட்' எனப்பட்ட வாடகைக் கட்டடங்கள். நம் மொழியில் சொன்னால் ஒண்டுக்குடித்தனம். நம் ஊர் ஒண்டுக்குடித்தனங்கள் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். அவை உயரவாக்கில் இருந்தன.

நியூயார்க்கில் மனை பெரும்பாலும் 25 அடி அகலம், 100 அடி நீளம் என்று வெட்டி விற்கப்பட்டது. இந்த ஒல்லியான மனையில் ஐந்து மாடி, ஆறு மாடி என்று எழுப்பினார்கள். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கும். தெருப் பக்கத்து அறைக்கும் கொல்லைப் பக்கத்து அறைக்கும் மட்டும்தான் ஜன்னல்.

இதற்கு நல்ல உதாரணம் ஆர்ச்சர்ட் தெருவின் 97ஆம் எண் கட்டடம். 1863ல் லூகாஸ் குளோக்னர் என்ற ஜெர்மானியத் தையல்காரர் கட்டியது. ஒரு மாடிக்கு நான்கு போர்ஷன்கள். ஒவ்வொரு போர்ஷனிலும் மூன்று அறைகள், மொத்தமே சுமார் 325 சதுர அடி. உள்ளே குழாய் கிடையாது. கழிவறை கொல்லையில் இருந்தது. மேல்மாடியில் குடியிருப்பவர் விளக்கில்லாத மரப்படிகளில் எல்லா மாடியும் இறங்கி, முற்றத்தைக் கடந்து போக வேண்டும். குளிர்காலத்தில் அங்கே பனி உறைந்து கிடக்கும். ராத்திரியில் குழந்தைகளும் வயதானவர்களும் உடம்பு சரியில்லாதவர்களும் என்ன செய்வார்கள்? வீட்டுக்குள் ஒரு பாத்திரம் இருக்கும். காலையில் யாராவது அதைக் கீழே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

1867: 'வசதியாகவும் நேராகவும்'

1832, 1849, 1866 என்று காலரா திரும்பத் திரும்ப நகரத்துக்கு வந்தது. 1866ல் பெருநகரச் சுகாதார வாரியம் அமைக்கப்பட்டது. அடுத்த வருடமே, 1867ல், நியூயார்க் மாநிலம் முதல் டெனிமெண்ட் சட்டத்தைக் கொண்டுவந்தது. தனித்தனியாகச் சமைத்துக் குடியிருக்கும் மூன்று குடும்பங்களுக்கு மேல் இருந்தால் அது டெனிமெண்ட் என்று அது வரையறுத்தது.

கழிவறை பற்றி அந்தச் சட்டம் சொன்னது இதுதான்: 20 பேருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். அது தண்ணீர் விட்டுக் கழுவும் கழிவறையாக இருக்கலாம், அல்லது குழிக் கக்கூஸாக இருக்கலாம். இரண்டு மூன்று கட்டடக்காரர்கள் சேர்ந்து பொதுவாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே போகும் வழி வசதியாகவும் நேராகவும் இருக்க வேண்டும்.

இதில் இரண்டு வார்த்தைகளைக் கவனியுங்கள். முதலாவது 'அல்லது'. விலை குறைந்ததற்கும் விலை கூடியதற்கும் நடுவில் சட்டமே 'அல்லது' போட்டுக் கொடுத்தால் வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவது 'வசதி'. யாருக்கு வசதி? ஐந்து மாடி இறங்குவது வசதியா? அதைச் சட்டம் விளக்கவில்லை. கொல்லைக்குப் போகக் கதவு இருந்தால் வழி 'நேராக' இருக்கிறது என்றுதான் அர்த்தம் கொள்ளப்பட்டது.

1887ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 20 பேருக்கு ஒன்று என்பது 15 பேருக்கு ஒன்று என்று ஆனது. எண் மாறியது, இடம் மாறவில்லை.

ஸ்கூல் சிங்க்

பழைய குழிக் கக்கூஸுக்குப் பதிலாகக் கொல்லைகளில் வந்தது 'ஸ்கூல் சிங்க்' என்ற ஏற்பாடு. பெயரைப் பார்த்துக் கைகழுவும் தொட்டி என்று நினைத்துவிட வேண்டாம். வரிசையான இருக்கைகளுக்கு அடியில் நீளமான ஒரு தொட்டி. அதன் ஒரு முனை தெருச் சாக்கடைக் குழாயோடு இணைந்திருக்கும். தொட்டியில் தண்ணீர் தேங்கி நிற்கும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் அவ்வப்போது அடைப்பைத் திறந்துவிட்டால் எல்லாம் சாக்கடைக்குப் போகும்.

திறந்துவிட்டால்! அவர் மறந்தால் அத்தனை பேருடைய கழிவும் அங்கேயே நிற்கும். கந்தல், காகிதம், குப்பை எல்லாம் விழுந்து அடைத்துக்கொள்ளும். சாக்கடை இணைப்பு இருந்ததால் தாளில் இது நவீன வசதி. நடைமுறையில் தண்ணீர் ஊற்றிய குழி, அவ்வளவுதான்.

1879: ஜன்னல் என்றால் என்ன?

கொல்லையை விட்டுக் கழிவறை கட்டடத்துக்குள் வந்த இடத்திலும் பிரச்சினை தீரவில்லை. 1879ல் வந்த சட்டம் படுக்கையறைகளுக்கெல்லாம் வெளிக்காற்று படும் ஜன்னல் வேண்டும் என்றது. நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் 25 அடி மனையில் பக்கச் சுவரில் ஜன்னல் வைத்தால் எதைப் பார்த்து வைப்பது?

அந்த நேரத்தில் குழாய் வேலையும் சுகாதாரப் பொறியியலும் பற்றிய ஒரு பத்திரிகை, நல்ல டெனிமெண்ட் வடிவத்துக்குப் போட்டி வைத்தது. பரிசு ஜேம்ஸ் வேர் என்ற கட்டடக் கலைஞருக்குக் கிடைத்தது. கட்டடத்தின் நடுப்பகுதியை இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒடுக்கி, பக்கத்துக் கட்டடத்துக்கு நடுவில் ஒரு காற்றுக் கூண்டு விடுவது அவர் யோசனை. மேலிருந்து பார்த்தால் உடற்பயிற்சி செய்யும் 'டம்பெல்' போல இருக்கும். அதனால் அந்தப் பெயரே நிலைத்தது.

ஒரு கட்டடத்தின் பங்காக விடப்பட்ட கூண்டின் அகலம் பெரும்பாலும் 28 அங்குலம். பக்கத்து வீட்டிலும் அதே மாதிரி விட்டால் இரண்டும் சேர்ந்து ஐந்தடிகூட வராது. உயரமோ ஐந்தாறு மாடி. கீழ்மாடிக்கு வெளிச்சம் எட்டாது. சட்டத்தின் வார்த்தைப்படி ஜன்னல் இருந்தது. ஜன்னலால் வர வேண்டியது வரவில்லை.

மாடிக்கு நான்கு குடித்தனம், நடுக் கூடத்தில் இரண்டு பொதுக் கழிவறை என்பதே டம்பெல் கட்டடங்களின் வழக்கமான அமைப்பு. அந்தக் கழிவறைகளின் ஜன்னலும் இதே கூண்டில்தான் திறந்தது, படுக்கையறை ஜன்னலும் இதே கூண்டில்தான் திறந்தது. கழிவறையின் நாற்றம் படுக்கையறைக்குள் வந்தது. மேல்மாடிக்காரர்கள் குப்பையையும் அதே கூண்டில் போட்டார்கள். கோடையில் ஜன்னலைத் திறந்தாலும் கஷ்டம், மூடினாலும் கஷ்டம்.

மனையில் 65 சதவீதத்துக்கு மேல் கட்டக்கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது. ஆனால் அதைத் தளர்த்தும் உரிமை அதிகாரிகளுக்குத் தரப்பட்டிருந்தது. தளர்த்தினார்கள். விதிவிலக்கே விதி ஆனது.

தேவாலயமும் தண்ணீர்க் குழாயும்

இடம் பற்றிய முதல் பெரிய வழக்கு கழிவறைக்காக நடந்தது அல்ல, தண்ணீருக்காக நடந்தது. ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று 1880களின் சட்டம் சொன்னது. நியூயார்க்கின் பெரிய நில உரிமையாளர்களில் ஒன்றான டிரினிட்டி தேவாலயம் தன் வாடகை வீடுகளில் அதைச் செய்ய மறுத்தது. சுகாதாரத் துறை 200 டாலர் அபராதம் கேட்டு வழக்குப் போட்டது. தேவாலயத்தின் வாதம்: கொல்லையில் குழாய் இருக்கிறதே, மாடியில் எதற்கு? இது சொத்துரிமையில் கைவைப்பது.

ஒரு கீழ் நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1895ல் மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூஃபஸ் பெக்கம். அவர் சொன்னதன் சாரம் இது: தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் மக்கள் அதிகம் பயன்படுத்துவார்கள், கீழே போய்த் தூக்கி வர வேண்டியிருந்தால் குறைவாகத்தான் பயன்படுத்துவார்கள். சுத்தம் குறைந்தால் நோய் வரும், நோய் ஊருக்கே பரவும். ஆகவே செலவு நியாயமான அளவில் இருக்கும்வரை அரசு இப்படி உத்தரவு போடலாம்.

இன்று இது சாதாரண விஷயம் போலத் தெரியும். ஆனால் 'இருக்கிறதா இல்லையா' என்பதோடு நிற்காமல் 'எவ்வளவு தூரத்தில் இருக்கிறது' என்பதும் சட்டத்தின் கவலைதான் என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்ட இடம் இது.

அட்டையில் செய்த தெரு

1900ல் லாரன்ஸ் வெய்லர் என்ற இளம் சீர்திருத்தவாதி நியூயார்க்கில் டெனிமெண்ட் கண்காட்சி ஒன்றை நடத்தினார். அதில் எல்லோரையும் நிறுத்திப் பார்க்கவைத்தது அட்டையால் செய்த ஒரு மாதிரி. ஊரில் உண்மையாகவே இருந்த ஒரு தெருச் சதுக்கத்தை அப்படியே சிறியதாகச் செய்து வைத்திருந்தார்கள். அந்த ஒரு சதுக்கத்தில் 39 டெனிமெண்ட்கள், 605 குடித்தனங்கள், 2,781 பேர். கழிவறைகள் 264. வெந்நீர் வசதி 40 குடித்தனங்களுக்கு மட்டும்.

இந்த எண்களைக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். 2,781 பேருக்கு 264 கழிவறை என்றால் சராசரியாக 10 அல்லது 11 பேருக்கு ஒன்று. 15 பேருக்கு ஒன்று என்ற விதியை வைத்துப் பார்த்தால் அந்தச் சதுக்கம் மொத்தத்தில் பாஸ்! சட்டம் கேட்ட எண்ணுக்கு மேலேயே இருந்தது. ஆனாலும் ஊரே முகம் சுளித்த இடம் அது. எண்ணிக்கைச் சட்டத்தின் தோல்வியை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அப்போது மாநில ஆளுநராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அதே ஆண்டு ஒரு டெனிமெண்ட் ஆணையத்தை அமைத்தார். ராபர்ட் டி ஃபாரஸ்ட் தலைவர், வெய்லர் செயலாளர். அப்போது நியூயார்க்கில் 80,000க்கும் மேற்பட்ட டெனிமெண்ட்கள் இருந்தன. நகர மக்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அவற்றில்தான் வாழ்ந்தார்கள்.

1901: சட்டம் இடத்தைச் சொன்னது

1901 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. இனிமேல் கட்டும் டெனிமெண்டில் ஒவ்வொரு குடித்தனத்துக்குள்ளேயும் தனிக் கழிவறை, தனி அறையில் இருக்க வேண்டும். ஓரறை, ஈரறைக் குடித்தனங்களுக்கு மட்டும் மூன்று அறைக்கு ஒன்று என்று சலுகை. கழிவறைக்கு வெளியே திறக்கும் ஜன்னல் வேண்டும். ஜன்னலின் பரப்பு குறைந்தது 3 சதுர அடி. பழைய ஒல்லிக் கூண்டுகள் இனிக் கூடாது; முற்றங்களுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. கழிவறை இருக்கையைச் சுற்றி மரப்பெட்டி அடிக்கக்கூடாது, அடியில் திறந்திருக்க வேண்டும். தரை நீர் ஊறாததாக இருக்க வேண்டும்.

பழைய சட்டங்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 'வசதியாக', 'போதுமான' போன்ற வார்த்தைகள் இருந்த இடங்களில் அடியும் அங்குலமும் வந்து உட்கார்ந்தன. அர்த்தம் சொல்லி நழுவ இடம் குறைந்தது.

புதிய கட்டடத்துக்கு இதெல்லாம் சரி. பழையவற்றை என்ன செய்வது? அவைதானே பெரும்பான்மை? அங்கேதான் சட்டம் துணிந்து ஓர் அடி வைத்தது. ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களில் ஸ்கூல் சிங்க்குகளையும் குழிகளையும் 1903 ஜனவரி 1க்குள் முழுக்க அகற்ற வேண்டும். அவற்றுக்குப் பதிலாகத் தனித்தனிக் கழிவறை, ஒவ்வொன்றுக்கும் தனி பிளஷ் டேங்க். இரண்டு குடும்பங்களுக்கு ஒன்றாவது கட்டாயம். கொல்லையிலேயே வைக்க வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் குழாய்கள் பனியில் உறையாதபடி பாதுகாக்க வேண்டும்.

'15 பேருக்கு ஒன்று' என்பது 'இரண்டு குடும்பத்துக்கு ஒன்று' என்று ஆனதிலும் ஒரு விஷயம் உண்டு. தலைகளை எண்ணுவது கஷ்டம். வாடகைக்கு ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் குடும்பங்களில் இன்று ஐந்து பேர், நாளை ஒன்பது பேர். கதவுகளை எண்ணுவது சுலபம். இன்ஸ்பெக்டர் ஒரு மாடி ஏறினாலே தெரிந்துவிடும்.

கேட்டி மோஷென் வழக்கு

சட்டத்தை அமல்படுத்த 1902ல் நகராட்சியில் டெனிமெண்ட் துறை என்று தனித் துறை தொடங்கியது. அதற்கு ஆணையரும் டி ஃபாரஸ்ட்தான். ஸ்கூல் சிங்க்கை எடுக்கச் சொன்ன உத்தரவை எதிர்த்து ஒரு வீட்டுச் சொந்தக்காரர் நீதிமன்றத்தில் நின்றார். அவர் பெயர் கேட்டி மோஷென். பெயர் ஒருவருடையது என்றாலும் அதே நிலையில் இருந்த எல்லா வீட்டுக்காரர்களுக்குமான வழக்கு அது.

அவர் தரப்பின் அடிப்படைக் கேள்வி முட்டாள்தனமான கேள்வி அல்ல. வீடு கட்டியபோது அது சட்டப்படி சரியாக இருந்தது. இப்போது அரசு வந்து, இருப்பதை இடித்து, சொந்தக் காசில் வேறு வை என்கிறது. நஷ்டஈடும் கிடையாது. இது உரிய நடைமுறை இல்லாமல் சொத்தைப் பறிப்பது ஆகாதா? புதுச் சட்டம் புது வீட்டுக்குத்தானே?

1904ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மக்களின் உடல்நலத்தைக் காக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அதற்காகச் சொத்துக்காரர் நியாயமான செலவைத் தாங்கத்தான் வேண்டும். டிரினிட்டி தேவாலய வழக்கு போட்டுக் கொடுத்த பாதை இது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1906ல் அந்த நீதிமன்றம் விரிவான தீர்ப்பு எதுவும் எழுதாமல், முந்தைய வழக்குகளைச் சுட்டிக்காட்டிக் கீழ்த் தீர்ப்பை உறுதி செய்தது.

இதற்கு ஒரு வருடம் முன்புதான், 1905ல், இதே உச்ச நீதிமன்றம் லாக்னர் வழக்கில் நியூயார்க்கின் இன்னொரு சட்டத்தைத் தூக்கி எறிந்திருந்தது. ரொட்டிக் கடைத் தொழிலாளர்களை நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற சட்டம் அது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? 1895ல் மாடிக்கு மாடி தண்ணீர் வேண்டும் என்று எழுதிய அதே ரூஃபஸ் பெக்கம்! ரொட்டி சுடுபவரின் வேலை நேரம் ஊரின் உடல்நலத்தைத் தொடவில்லை என்று அவர் நினைத்தார். கொல்லைச் சாக்கடை தொடுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஏழையின் கஷ்டம் அடுத்தவருக்கு நோயாகப் பரவக்கூடியது என்றால் சட்டம் வேகமாக வந்தது, அவரோடு நின்றுவிடுவது என்றால் வரவில்லை என்றும் இதைப் படிக்கலாம்.

செலவை யார் கொடுத்தார்கள்?

ஆர்ச்சர்ட் தெரு 97க்குத் திரும்புவோம். அங்கே 1905ல் கழிவறைகள் கொல்லையிலிருந்து கட்டடத்துக்குள் வந்தன. மாடிக்கு நான்கு குடித்தனம், மாடிக்கு இரண்டு கழிவறை. சட்டம் சொன்ன 'இரண்டு குடும்பத்துக்கு ஒன்று' துல்லியமாக நிறைவேறியது. ஒன்றுகூட அதிகம் இல்லை. காற்றுக்காகக் கட்டடத்தின் உள்ளே ஒரு கூண்டும் வெட்டப்பட்டது. கட்டி 42 வருடம் கழித்துத்தான் அந்தக் குடும்பங்களுக்கு முற்றம் இறங்காமல் கழிவறை போக முடிந்தது.

இதைச் சட்டத்தின் முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்காரர் செய்த செலவு ஏதோ ஒரு வழியில் வாடகையில்தான் வந்து நிற்கும் என்ற பயம் குடியிருந்தவர்களுக்கு எப்போதும் இருந்தது. பிறகு வந்த கட்டட விதிகள் மேலும் கடுமையானபோது, 1935ல் அதே கட்டடத்தின் சொந்தக்காரர் மாற்றங்களைச் செய்வதைவிடக் காலி செய்வதே மேல் என்று முடிவு செய்தார். குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மேல்மாடிகள் பூட்டப்பட்டன. அப்படிப் பூட்டிக் கிடந்ததால்தான் அது பழைய நிலையிலேயே தப்பி, பின்னாளில் அருங்காட்சியகம் ஆனது. விதியை உயர்த்தும்போது அதற்கான செலவை யார் தாங்குவது என்று சொல்லாமல் விட்டால், விதி காப்பாற்ற நினைத்தவர்களையே தெருவுக்கு அனுப்பவும் செய்யும்.

அதற்காக 1867லேயே நின்றிருக்கலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எந்த ஊரிலும் கட்டட விதிப் புத்தகத்தில் கழிவறைப் பகுதி சலிப்பூட்டும் பகுதி: இத்தனை பேருக்கு இத்தனை, ஜன்னல் இத்தனை சதுர அடி, இன்ன இடத்தில் வைக்கலாம், இன்ன இடத்தில் கூடாது. நியூயார்க்கில் அந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வீட்டுக்காரரின் கணக்கும் ஒரு வழக்கும் இருந்தன. விதியில் 'போதுமான', 'வசதியான' என்ற வார்த்தைகள் எங்கேயாவது கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யாருக்கு? அந்தக் கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லாவிட்டால் செலவு செய்ய வேண்டியவர் தனக்குச் சாதகமான பதிலைச் சொல்லிக்கொள்வார். மேல்மாடியிலிருந்து பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குபவரை யாரும் கேட்க மாட்டார்கள்.